பெயர் சொல்லாத வழக்கு

என் இடது காது மந்தமாகிவிட்டது. வலது காதும் கூடிய விரைவில் அதே வழியில் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சரியாகக் கேட்காத வக்கீல் நீதிமன்றத்தில் நிற்பது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். அதனால் ஐம்பத்தெட்டு வயதில் அங்கியை மடித்து வைத்துவிட்டு, யாங்கோனில் போட்டாதாங் படகுத்துறைக்கு அருகிலுள்ள இந்த மாடி அறையை, இங்கே வேலையைத் தொடரும் இளம் வக்கீல்களாகிய உங்களிடம் விட்டுப் போகிறேன். நாற்காலிகளும் சட்டப் புத்தகங்களும் நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடியவை. பார்த்தால் தெரியாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கட்சிக்காரர் என்று எழுதினேன் அல்லவா? வக்கீல்களுக்கு அந்தச் சொல், நம்மை நம்பி வழக்கைக் கொடுத்தவரைக் குறிக்கும். அரசியலில் இருப்பவர்களுக்கு அது கூட நிற்கும் ஆள். நான் இரண்டு வேலையும் செய்தவள். ஒரே ஒரு முறை இரண்டு வகைக் கட்சிக்காரர்களும் எனக்கு முன்னால் எதிரெதிரே நின்றார்கள். அந்த வழக்கைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். யாங்கோன் வட்டார மன்றத்தில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தேன். பழமைவாதி என்றார்கள், நான் மறுத்ததில்லை. குடும்பம், கோயில், பெரியவர்களின் சொல் இவற்றைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைப்பது என்று யாரும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை. என் கணவரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. வேட்புமனுவில் எழுதினேன், எழுதுவது வேறு. பள்ளிகளுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் பக்கத்தில் பீர்க் கடைகளுக்கு உரிமம் தரக்கூடாது என்று மன்றத்தில் பேசியபோது எதிர்வரிசையிலிருந்து ஓர் இளம் உறுப்பினர் எழுந்தார்.

"ஸயாமா எதைக் கேட்டாலும் வேண்டாம் என்கிறார். ஒன்றையாவது வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள்."

டீச்சரம்மா என்பதுபோல இங்கே பெண் வக்கீல்களையும் மருத்துவர்களையும் ஸயாமா என்றுதான் அழைப்பார்கள்.

"வேண்டும்" என்றேன். "தூக்கம் வேண்டும். நான் குடியிருப்பது பீர்க் கடைக்கு மேல்மாடி."

மன்றம் சிரித்தது. தீர்மானம் தோற்றது. மறுநாளும் அதே தீர்மானத்தோடு போனேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

மன்றத்தின் அடுத்த தேர்தலுக்குக் கட்சி வேட்பாளர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பாக்கியம் இந்த மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வெள்ளைச் சேலை. முழங்கால் வலியால் ஒவ்வொரு படியிலும் நின்று ஏறியிருந்தார். அலோனில் ஆற்றங்கரைச் சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மரவீட்டில் இருந்தார். கணவர் தங்கராசு கிடங்கில் மேஸ்திரி. இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. இப்போது தங்கராசுவின் தம்பி சுப்பையா, பாக்கியம் தன் அண்ணன் வீட்டில் சமையலுக்கு இருந்தவர், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். கிடங்குகளை விரிவாக்க ஆட்கள் ஆற்றங்கரை நிலத்தைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மீதியை நீங்கள் ஊகிக்கலாம்.

"கல்யாணம் எங்கே நடந்தது?" என்று கேட்டேன்.

"கோயில்லதான். ஐயரு செத்துப் போயிட்டாரு. போட்டோ எல்லாம் பெரும்புயல்ல கூரையோட போச்சு."

"குடும்ப அட்டையில உங்க பேரு?"

"எனக்குக் குடியுரிமைக் கார்டு கிடைக்கல ஸயாமா. அதனால போட்டாதாங்ல எங்கப்பா வீட்டு அட்டையிலேயே கிடக்கு."

"தாலி?"

என்னைப் பார்த்தார். "கருமாதி அன்னிக்குக் கழட்டிப் பால்ல போட்டாச்சே."

நான் பேனாவை மூடினேன். நம்முடைய வழக்கம் ஒரு மனைவிக்குப் பூட்டும் அடையாளங்களை எல்லாம் கணவன் போனவுடன் தானே வாங்கிக்கொள்கிறது. குங்குமம், வளையல், தாலி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்கு வரும்போது அவர் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

சுப்பையா யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் கமிட்டியின் தலைவர். சென்ற தேர்தலில் அலோன் முழுக்க எனக்காக வீடு வீடாக நடந்தவர். அவருடைய தாய் இறந்தபோது அவர் பள்ளிப் பையன். வளர்த்தது இந்தப் பாக்கியம்தான். அதைச் சொல்லும்போதுகூடப் பாக்கியத்தின் குரலில் கோபம் இல்லை. "அவன் நல்லவன்தான் ஸயாமா. இப்ப யாரோ அவன் காதுல உக்காந்திருக்கான்" என்றார்.

வக்காலத்து நாமாவில் நான் கையெழுத்திட்ட செய்தி ஒரு வாரத்துக்குள் பரவிவிட்டது. எங்கள் பகுதிக் கட்சித் தலைவர் அறைக்கு வந்தார். ஜவுளிக் கடைக்காரர், என்னை அரசியலுக்குக் கூட்டி வந்தவரே அவர்தான். டீயை ஆற விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, சுப்பையா இல்லாம அலோன்ல ஒரு ஓட்டு நகராது. தெரியும்ல?"

"தெரியும்ணே."

"கேஸை வேற யாருக்காச்சும் தள்ளி விடு. வேட்பாளர் யாருன்னு முடிவாகட்டும். அப்புறம் வேணா நீயே திருப்பி எடுத்துக்க."

"அப்புறம் நான் எடுக்கிறதுக்கு அந்தம்மாவுக்கு வீடு இருக்கணுமே."

"நீ வழக்கத்தை மதிக்கிறவள்னுதான் உனக்குச் சீட்டு குடுத்தோம். இப்ப நீயே அண்ணன் தம்பி குடும்பத்துக்குள்ள பூந்து..."

"மதிக்கிறதாலதான் எடுத்திருக்கேன். தாலி கட்டிக்கிட்ட பொம்பளைய வேலைக்காரின்னு சொல்றது எந்த ஊரு வழக்கம்ணே?"

"அவன் ஒண்ணு சொல்றான், நீ ஒண்ணு சொல்ற. கோர்ட்டு என்ன சொல்லப்போகுதோ."

"அதைத்தான் நானும் கேக்கப் போறேன்."

அவர் டீயைக் குடிக்காமலே போனார். கதவருகே திரும்பி, "சீட்டு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் அது இன்னும் கனமாக இருந்தது.

பாக்கியத்துக்குச் சாட்சி தேடி நான் ஏறாத வீடு இல்லை. திருமணத்துக்கு வந்த மூத்தவர்கள் பெரும்பாலும் இறந்திருந்தார்கள். இருந்தவர்கள் கோயில் கமிட்டியை நினைத்தார்கள். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, எங்க வாயால வேற சொல்லணுமா? எங்களுக்கு ஏன் வம்பு?" என்று கதவைப் பாதி மூடிக்கொண்டே பேசினார்கள். ஆகவே பாக்கியத்தின் சொந்த வாக்குமூலம்தான் எங்கள் முழு பலம். அவருடைய பர்மிய மொழி கடைத்தெருவுக்குப் போதும், நீதிமன்றத்துக்குப் போதாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நானே கேட்டேன்.

நீதிமன்றம் தேவி என்ற இளம்பெண்ணை அனுப்பியது. தமிழ்க் குடும்பம்தான். ஆனால் பர்மியப் பள்ளி, பர்மியத் தோழிகள். தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் காதில் விழும் மொழி. இன்று நம் பிள்ளைகளில் பலரும் அப்படித்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. முதல் கேள்வியை மென்மையாகக் கேட்டார்.

"அந்த வீட்டில் யாருடன் இருந்தீர்கள்?"

தேவி அதைத் தமிழில் கேட்டாள். பாக்கியம் தயக்கமே இல்லாமல், "எங்க வீட்டுக்காரரோட" என்றார்.

தேவி நீதிபதியைப் பார்த்துப் பர்மிய மொழியில், "அய்ன்ஷினுடன்" என்றாள்.

அய்ன் என்றால் வீடு. ஷின் என்றால் உடையவர். பர்மிய மொழியில் அய்ன்ஷின் என்பவர் வீட்டின் சொந்தக்காரர். குடியிருப்பவர்கள் வாடகை கொடுக்கும் ஆள். நான் எழுந்துவிட்டேன்.

"மொழிபெயர்ப்பு தவறு. அந்தச் சொல்லுக்குத் தமிழில் கணவர் என்று பொருள்."

"மொழிபெயர்க்க நீதிமன்றம் ஓர் ஆளை வைத்திருக்கிறது. எதிர்வாதியின் வக்கீலை வைக்கவில்லை" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

நீதிபதி ஒரு பெண்மணி. எந்தப் பக்கமும் சாயாதவர். தேவியிடம் திரும்பினார். "அவர் சொன்ன சொல்லின் நேர்ப்பொருள் என்ன?"

தேவி அந்தச் சொல்லைப் பிரித்துச் சொன்னாள். "வீடு... வீட்டை உடையவர்."

அவள் சொன்னது பொய்யில்லை. நீதிபதி அப்படியே பதிவு செய்தார். பிறகு, "அந்த வீட்டை உடையவரின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

பாக்கியம் தரையைப் பார்த்தார். தேவி இரண்டாம் முறை கேட்டாள். பாக்கியம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார், வாய் திறக்கவில்லை. பெயர் கூறவில்லை என்று பதிவானது.

"கணவனின் பெயரே தெரியாத மனைவி" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எங்களில் மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை என்று நான் விளக்கினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். "ஸயாமா, நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் வக்கீலின் சொல் சாட்சியம் ஆகாது. சாட்சியைக் கொண்டு வாருங்கள்." அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம் என்று சொல்லமாட்டேன். ஒரு பூட்டின் முன் நிற்கும்போது சாவியைத் தேடிப் பையைத் துழாவும் வேகம் அது.

தாழ்வாரத்தில் என்னிடம் அப்போது வேலை பார்த்த ஜூனியர், "ஒரே ஒரு பேரு. சொல்லியிருக்கலாமே அக்கா" என்று பாக்கியத்திடம் கேட்டுவிட்டாள்.

"அவுக உசுரோட இருக்கும்போதே சொல்லல. இப்பக் கூண்டுல ஏறி நின்னு, அந்தாளு சிரிக்கிறதுக்காகச் சொல்லணுமாக்கும்?" என்றார் பாக்கியம்.

ஜூனியரை நான் தனியே அழைத்தேன். "பெயரைச் சொல்லியிருந்தால் என்ன நிரூபணம் ஆகியிருக்கும்? வேலைக்காரிக்கும் முதலாளி பெயர் தெரியும். மனைவி மட்டும்தான் அதைச் சொல்லமாட்டாள். அவருடைய மௌனம்தான் நமது சாட்சியம். அதை நீதிமன்றப் பதிவில் ஏற்றும் வழியைத் தேடு." உங்களுக்கும் இதையே சொல்கிறேன். கட்சிக்காரரின் வழக்கம் உங்களுக்கு மூடத்தனமாகத் தெரியலாம். அதை உடைக்கச் சொல்வதற்கு முன்னால், அது எதைப் பாதுகாத்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த வாரம் அலோனுக்குப் போனேன். வீட்டை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று பாக்கியம் என்னையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். அங்கே டோ மியா என்ற பர்மியப் பெண் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். கன்னத்தில் தனாக்காச் சந்தனம், வாயில் வெற்றிலை, யார் வந்தாலும் ஒரு கேலி.

பாக்கியம் அவரிடம் பர்மிய மொழியில், "ஃபயோன்ல ஒரு கீத்து குடு" என்றார்.

"எந்த ஃபயோன்?" டோ மியா கண்ணைச் சிமிட்டினார்.

"மஞ்சளா இருக்குமே, அது."

"அதுக்குப் பேரு இல்லையா? பேரு சொன்னாத்தான் வெட்டுவேன்."

"விளையாடாத மியா. முழங்காலு வலிக்குது."

டோ மியா சிரித்துக்கொண்டே வெட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சாகிற வரைக்கும் சொல்லமாட்டா, ஸயாமா" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஃபயோன் என்றால் பூசணி, பர்மிய மொழியில் அதில் இரண்டு உண்டு. நாம் சாம்பல் பூசணி என்பதை அவர்கள் கல் பூசணி என்பார்கள். பரங்கிக்காயைத் தங்கப் பூசணி என்பார்கள்: ஷ்வே ஃபயோன். ஷ்வே என்றால் தங்கம். தங்கராசுவைக் கிடங்கில் பர்மியர்கள் எல்லாரும் ஊ ஷ்வே, அதாவது தங்கம் ஐயா என்றுதான் அழைத்தார்கள்.

"எதைச் சொல்லமாட்டா?" என்று கேட்டேன். காரணத்தை அவர் வாயிலிருந்து கேட்க விரும்பினேன்.

"ஷ்வேங்கிற சொல்லை. புருஷன் பேராம். ஷ்வேடகோனையே பயாஜி, பயாஜின்னுதான் சொல்லுவா. பஸ்ல டிக்கெட் கேக்கிறதும் அப்படித்தான். ஊ ஷ்வே இருந்தப்போ அவரே இங்க வந்து நிப்பாரு. 'மியா, என் பொண்டாட்டி அந்தக் காயோட முழுப் பேரைச் சொன்னா கடையையே வாங்கிக்கிறேன்'னு பந்தயம் கட்டுவாரு. நான் எத்தனையோ தந்திரம் பண்ணிப் பார்த்தேன். கடையை விக்கவே முடியல!"

பயாஜி என்றால் பெரிய புத்த ஆலயம். நகரத்தின் எந்த மூலையிலிருந்து நிமிர்ந்தாலும் தெரியும் அந்தப் பொற்கோபுரத்தின் பெயரை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் மணமான நாளிலிருந்து சொன்னதில்லை. தமிழில் மட்டுமல்ல, கணவரின் பெயர் எந்த மொழிக்குள் போனாலும் அந்த மொழியிலும் அவர் விலகி நடந்திருக்கிறார்.

"இதை நீதிமன்றத்தில் வந்து சொல்வீர்களா?" என்றேன்.

டோ மியா வெற்றிலையைத் துப்பினார். "உங்க ஆளுங்க யாரும் வரலையா?"

"வரவில்லை."

"அப்ப நான் வர்றேன். புது லுங்கி ஒண்ணு இருக்கு, உடுத்திக்கிட்டுப் போக இடமில்லாமக் கிடக்கு."

வந்தார். கூண்டில் ஏறி நின்று, தெருவில் பேசுகிற அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னார். நீதிபதி இரண்டு இடங்களில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ஆக, பரங்கிக்காயை வைத்துத் திருமணத்தை நிரூபிக்கிறார்கள்" என்றார். மன்றம் சிரித்தது. டோ மியாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த வக்கீல் அடுத்துக் கேட்டது சிரிப்புக்குரியதல்ல. "அம்மா, அடக்கமான ஒரு வேலைக்காரியும் முதலாளியின் பெயரைச் சொல்லத் தயங்குவாள், இல்லையா? மரியாதையால்?"

டோ மியா நேர்மையானவர். யோசித்துவிட்டு, "அப்படியும் இருப்பாங்கதான்" என்றார்.

எங்கள் கட்டடத்தின் பாதி அங்கே சரிந்தது.

அன்று மாலை இந்த மேசையில் உட்கார்ந்து, சுப்பையா கொடுத்திருந்த வாக்குமூலத்தைத் திரும்பப் படித்தேன். அதைப் பலமுறை படித்திருந்தேன். அவர் சொன்னவற்றுக்காகப் படித்திருந்தேன். எதிர் வக்கீலின் கேள்வி எனக்கு வேறொரு வழியைக் காட்டியது. வேலைக்காரி முதலாளியின் பெயரைச் சொல்லத் தயங்கலாம், சரி. முதலாளி வீட்டார் வேலைக்காரியின் பெயரைச் சொல்லத் தயங்குவார்களா? இந்த முறை அவர் சொல்லாதவற்றுக்காகப் படித்தேன். அந்த அம்மாள். அங்கே இருப்பவர். எதிர்வாதி. சுப்பையா தன் வாயால் ஓர் இடத்தில்கூடப் பாக்கியம் என்று சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னதெல்லாம் அவருடைய வக்கீல்.

அவரை மீண்டும் கூண்டுக்கு அழைக்க மனுப் போட்டேன். இதில் இருந்த ஆபத்தை உங்களுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர் பாக்கியம் என்ற ஒரு சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டால் வழக்கு அந்த நொடியே முடிந்தது. என் கையாலேயே முடிந்தது. ஜூனியர் வேண்டாம் என்றாள். மனு ஏற்கப்பட்டு, சுப்பையா கூண்டேற வேண்டிய நாள் காலையில் கட்சித் தலைவரும் தொலைபேசியில் அழைத்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் கமிட்டி கூடுது, தங்கச்சி. சுப்பையாவை மறுபடி கூண்டுல ஏத்தப் போறியாமே?"

"ஆமாண்ணே."

"ஊரு முன்னால அவனை அவமானப்படுத்தினா நான் உனக்காக அங்க ஒண்ணும் பேச முடியாது."

"அவமானப்படுத்தமாட்டேன். அவரோட வளர்ப்பை நம்பித்தான் கூப்பிடுறேன்."

அவருக்கு அது புரியவில்லை. விளக்க எனக்கு நேரமும் இல்லை.

சுப்பையா வெள்ளைச் சட்டையும் நல்ல பட்டு லுங்கியும் உடுத்தி, நெற்றியில் திருநீறோடு கூண்டில் ஏறினார். பாக்கியம் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பர்மிய மொழியிலேயே கேட்டேன்.

"எதிர்வாதி உங்கள் அண்ணன் வீட்டில் சமையல் வேலை செய்தவர் என்கிறீர்கள்."

"ஆமாம்."

"உங்கள் வீட்டில் இப்போது வேலைக்கு ஆள் உண்டா?"

"உண்டு."

"பெயர்?"

"மா நுவே." உடனே வந்தது.

"எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"பெயர் சொல்லித்தான். வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?"

"வேறு எப்படியும் கூப்பிடமாட்டார்கள்" என்றேன். "இதோ, எதிர்வாதி உட்கார்ந்திருக்கிறார். இவரையும் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வேறு கேள்வி என்னிடம் இல்லை."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இது என்ன விளையாட்டு?" என்றார்.

"ஒரு பெயர்தானே" என்றார் நீதிபதி. "சொல்லட்டும்."

சுப்பையா பாக்கியத்தைப் பார்த்தார். வழக்கு தொடங்கியதிலிருந்து அவர் அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்ததில்லை. தன்னைப் பெயர் சொல்லி அழைக்கப் போகிறார்கள் என்று புரிந்ததும் பாக்கியம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். முழங்கால் உடனே நிமிரவில்லை. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, சிறிது சிறிதாக நிமிர்ந்தார்.

சுப்பையா வாயைத் திறந்தார். மூடினார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தேன்.

பிறகு அவர் சொன்னார். தமிழில்தான் சொன்னார், தாழ்ந்த குரலில், கொஞ்சம் எரிச்சலாகக்கூட, வீட்டில் சொல்வது போலவே.

"நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க அண்ணி."

மன்றத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அசையவில்லை. தெரியாதவர்கள் மற்றவர்களின் முகங்களைப் பார்த்தார்கள். நீதிபதி தேவியிடம் கேட்டார்.

"என்ன சொன்னார்?"

தேவி எழுந்தாள். இந்த முறை அவள் அவசரப்படவில்லை. "மயீ, உட்காருங்கள் என்கிறார்" என்றாள். அண்ணன் மனைவியைப் பர்மியர்கள் மயீ என்பார்கள்.

"அதுதான் நேர்ப்பொருளா?"

"நேர்ப்பொருள் அதுதான். அதற்கு வேறு பொருள் கிடையாது."

எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். சுப்பையா அவரைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார். அவர் உட்கார்ந்துவிட்டார். சுப்பையா கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தலை குனிந்துதான் இருந்தது. ஆனால் வந்தபோது இருந்ததைவிட முகம் இலேசாக இருந்ததாக எனக்குப் பட்டது. இது என் ஊகம், பதிவில் இல்லை.

பாக்கியம் உட்கார்ந்தார். அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பு பாக்கியத்துக்குச் சாதகமாக வந்தது. திருமணம் உண்மை, வீடு அவருடையது. சுப்பையா மேல்முறையீடு செய்யவில்லை. எனக்குக் கமிட்டி சீட்டுத் தரவில்லை. கூண்டில் நின்ற சுப்பையாவிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றே அது வேறொருவருக்குப் போயிருந்தது. தலைவர் தெருவில் எதிர்ப்பட்டபோது, "ஒரு வீட்டுக்காக ஒரு நாற்காலிய விட்டுட்டியேம்மா" என்றார். "நாற்காலி கிடைச்சா அங்க போயி நான் பேசப்போறதும் இதே மாதிரி ஒரு வீட்டுக்காகத்தானே அண்ணே" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்குச் சேலை அனுப்பினார்.

பிறகு ராணுவ ஆட்சி வந்து வட்டார மன்றமே மூடப்பட்டது. அந்த நாற்காலிகளில் இன்று யாரும் இல்லை. நான் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டே இருந்தேன். கிடங்குத் தொழிலாளர்கள், லைங் தாயாவில் ஆலை வேலைக்குப் போகும் பெண்கள், போட்டாதாங்கில் சிறுகடை வைத்திருப்பவர்கள் என்று வந்தவர்களுக்கு நின்றேன். பழமைவாதி என்ற பெயரும் என்னோடே இருந்தது. இப்போதும் மறுக்கவில்லை. அன்று கூண்டில் சுப்பையாவின் வாயிலிருந்து அண்ணி என்ற சொல்லை வரவழைத்தது சட்டப் புத்தகம் அல்ல.

தேவி மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கினாள். வக்கீலாகி இதே அறையில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறாள், இதைப் படித்துக்கொண்டிருப்பாள். உங்கள் சாட்சி தமிழில் பேசும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நேர்ப்பொருள் எங்கே ஏமாற்றும், எங்கே ஏமாற்றாது என்று இந்த ஊரில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

சென்ற மாதம் தங்கராசுவின் திதிக்குப் பாக்கியம் என்னைக் கூப்பிட்டிருந்தார். அலோன் வீட்டின் பின்னால் இப்போது கிடங்குச் சுவர் உயர்ந்துவிட்டது. அடுக்களைக்கு வெயில் வருவதில்லை. இலை போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து இலையில் சுப்பையா. தீர்ப்புக்குப் பிறகு முதல் திதிக்கு அவர் வரவில்லை. இரண்டாவது திதிக்கு வாசல் வரை வந்து நின்றாராம். அதன் பிறகு வராமல் இருந்ததில்லை. இருவரும் சாம்பாரைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டோம்.

பாக்கியம் கூட்டு பரிமாற வந்தார். பரங்கிக்காய்க் கூட்டு. எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. பர்மிய மொழியில், "நன்றாக இருக்கிறதே, இது என்ன காய்?" என்றேன்.

பாக்கியம் கரண்டியோடு நிமிர்ந்தார். "பேசாமச் சாப்பிடுங்க ஸயாமா."

என் வலது பக்கம் உட்கார்ந்திருந்ததால் சுப்பையா சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

"அவங்ககிட்ட எதுக்குக் கேக்கிறீங்க? ஜட்ஜம்மாவே கேட்டும் சொல்லாதவங்க. அண்ணி, எனக்கு அதுல இன்னும் கொஞ்சம் போடுங்க."